இரண்டு விரல் பிரேக்

டிங்வால்
8 பிப்ரவரி 1998

அன்புள்ள எர்லண்டுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நானும் பூனையும் நன்றாக இருக்கிறோம். போன வாரக் காற்றில் கூரை ஓடுகள் சில பறந்துபோனதைத் தவிர வீடும் நன்றாகத்தான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் கப்பலேறி உன் தீவுக்குப் போய்வரும் லாரிக்காரர்களிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருந்தாய். உன் அண்ணன் சாண்டி போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவரோடு சேர்ந்து நானும் போய்விட்டதாக நினைத்துவிட்டாயா?

சரி, திட்டியது போதும். ஒரு உதவி வேண்டும். சாண்டியின் மோட்டார் சைக்கிளை இந்தக் கோடையில் நான் ஓட்டப்போகிறேன். இன்வெர்னஸில் விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று கிடந்தது. டேங்கும் சீட்டும் நொறுங்கிவிட்டன, முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் இரண்டு சக்கரங்கள், முன் ஃபோர்க், டிஸ்க் பிரேக் எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டேன். இப்போது கூடத்தில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறேன். பூனைக்கு அந்த அகல டயருக்குள்தான் தூக்கம்.

இவற்றை நம் அறுபத்தேழாம் வருட வண்டியில் மாட்ட வேண்டும். லேத்தில் கடைய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. உன் கப்பல் பட்டறையில் லேத் இருக்கிறது, உனக்குக் கைவேலையும் தெரியும். மனசு வைத்தால் நடக்கும்.

பிரியமுள்ள
ரோனா


ஸ்ட்ரோம்னெஸ்
15 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாமல் இருந்தது தப்புதான். எழுத உட்காருவேன். உறையில் அண்ணன் பெயர் இல்லாமல் அந்த முகவரியை எழுதக் கை வராது. எடுத்து வைத்துவிடுவேன்.

நீங்கள் கேட்ட வேலையை நான் செய்ய மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பண்ணையின் கோழிக்கொட்டகையிலிருந்து சாக்கு சாக்காக அந்த வண்டியை அண்ணனும் நானும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன் சக்கரத்து ஆரக்கம்பிகளை அண்ணன் சமையலறை மேசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கோத்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது இன்று. அதில் போய் ஸ்போர்ட்ஸ் பைக் சக்கரமா?

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் டல்லக்கிடம் சொன்னேன். "ஏம்ப்பா, சர்ச் கோபுரத்துல டிஷ் ஆன்டெனா மாட்டுற மாதிரில்ல இருக்கு! உங்க அண்ணி நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டான். அவன் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன்.

ஓட்ட ஆசையாக இருந்தால் புதிதாகச் சின்ன வண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் வண்டியை என்னிடம் விட்டுவிடுங்கள். துணி போட்டு மூடி, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
எர்லண்ட்


டிங்வால்
1 மார்ச் 1998

அன்புள்ள எர்லண்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். உறை பற்றி நீ எழுதிய வரிக்காகப் போடாமல் வைத்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பரிதாபப்பட்டுச் செய்துவிடுவாயோ என்றுதான் சொல்லவில்லை. எனக்கு விரல்களில் மூட்டுவாதம். வலது கை மோசம். ஜாம் பாட்டிலைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன். போன அக்டோபரில் யாருக்கும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். அந்த டிரம் பிரேக் உன் அண்ணன் இழுத்தாலே யோசித்து யோசித்துத்தான் பிடிக்கும். நான் இழுத்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. இறக்கத்தில் நேராக மெக்ரே வீட்டு வேலிக்குள் போய்த்தான் நின்றேன். மனுஷன் வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்ன ரோனா, டீக்கு வர்றதுன்னா வாசல் வழியா வரக்கூடாதா?" என்றார். அடி ஒன்றும் இல்லை. மானம்தான் போயிற்று.

அந்த யார்டுக்காரன் தன் வண்டியைக் கொடுத்து, "ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கம்மா, ரெண்டு விரல் போதும்" என்றான். போனேன். இரண்டு விரலால் தொட்டேன், நின்றது. நடுரோட்டில் பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

இன்னும் சில கோடைகள் ஓட்டலாம், அதற்குமேல் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். புது வண்டி வாங்கச் சொல்கிறாய். இந்த வண்டி ஓடிய தூரத்தில் பாதி நான் ஓட்டியது, எர்லண்ட். உன் அண்ணனுக்கு முதுகு வலித்தபோதெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்து தூங்கியபடி வருவார். அதன் இஞ்சின் எந்த மேட்டில் இருமும் என்று எனக்குத் தெரியும்.

துணி போட்டு மூடி வைக்கிறேன் என்கிறாய். மூடி வைத்தது எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, சர்ச் கல்லறைத் தோட்டத்தில். இன்னொன்று வேண்டாம்.

நீ செய்யாவிட்டால் இன்வெர்னஸில் ஒருவர் செய்து தருகிறேன் என்கிறார். வண்டியின் இரும்புச் சட்டத்தில் கொஞ்சம் அறுத்து வெல்டு வைத்தால் போதுமாம்.

ரோனா


ஸ்ட்ரோம்னெஸ்
9 மார்ச் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

கை விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்டிருந்தால்தானே.

அந்த இன்வெர்னஸ் ஆளைக் வண்டி நிற்கும் கொட்டகைப் பக்கமே விடாதீர்கள். வெல்டு வைக்கவே வேண்டாம். சட்டத்துக்குள் செருகும் பழைய தண்டை எடுத்துப் புது ஃபோர்க்கில் பொருத்த வழி இருக்கிறது. சட்டத்தில் ஒரு துளைகூடப் போடாமல் செய்யலாம். நாளைக்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டிவிடலாம். அப்படியென்றால் செய்கிறேன்.

இன்னமும் எனக்குச் சம்மதமில்லை. சம்மதமில்லாமலே செய்கிறேன். ஈஸ்டருக்கு வருகிறேன். சமையல் என்று எதுவும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். வாற்கோதுமை ரொட்டியும் சீஸும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன்.

உங்கள்
எர்லண்ட்


ஸ்ட்ரோம்னெஸ்
26 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பழைய முன் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கப்பலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண்மணி, "மிச்ச வண்டி எங்கேப்பா, கடல்ல விழுந்துருச்சா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டார்.

முதல் நாள் காலையில் அந்த அச்சு நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றேனே, நீங்கள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டீர்கள். திரும்பி வந்தபோது சக்கரம் கழன்றிருந்தது. அதைப் பற்றி அங்கே பேசவில்லை. ஆகவே இங்கே நன்றி சொல்கிறேன்.

பின் சக்கரம் இவ்வளவு பாடு படுத்தும் என்று நினைக்கவில்லை. அந்த அகலத்துக்குச் செயின் டயரில் உரசாமலிருக்க இடையில் போடும் வளையத்தைத் திரும்பத் திரும்பக் கடைய வேண்டியதாயிற்று. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து லேத்தைத் திறந்துவிட்ட வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிரேக் புதிது. முதலில் மெல்ல மெல்லப் பழக்குங்கள். வண்டி முன்னைவிடத் தாழ்ந்திருக்கிறது, வளைவில் ரொம்பச் சாய்த்தால் ஸ்டாண்டு தரையில் உரசும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். முடுக்க மெக்ரேயைக் கூப்பிடுங்கள், நீங்கள் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பி, பழைய பழக்கத்தில் கையை முழுசாக மடக்கிப் பிரேக்கை இழுத்து, டேங்க் மேல் போய் மோதினேனே, அப்போது நீங்கள் சிரித்தீர்கள். அண்ணன் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு வரப் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். எதற்குப் பயந்தேன் என்று இப்போது தெரியவில்லை.

வண்டி பார்க்க இன்னமும் சகிக்கவில்லை. ஆனால் நன்றாக நிற்கிறது.

உங்கள்
எர்லண்ட்


ஸ்ட்ரோம்னெஸ், உன் வீட்டு வாசல்
20 ஜூன் 1998

அன்புள்ள எர்லண்டுக்கு,

கதவைத் தட்டினேன், நீ இல்லை. பட்டறையில் வேலை, மாலையில்தான் வருவாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வண்டியைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "இது சாண்டியோடதுல்ல? காலு ரெண்டும் புதுசா இருக்கே!" என்றாள். உன் தம்பட்டம் ஊரெல்லாம் போயிருக்கிறது போல. உனக்கு முன்கூட்டி எழுதியிருந்தால் தடுத்திருப்பாய். அதனால்தான் எழுதவில்லை.

காலையில் கிளம்பினேன். பெரிடேல் இறக்கத்துக்கு மேலே நிறுத்தி, கையை உதறிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு பக்கம் கடல், கீழே அந்தக் கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஒரு லாரி. பிறகு இறங்கினேன். இரண்டு விரல்தான். அழுத்தினால் அழுத்திய அளவு நிற்கிறது, விட்டால் ஓடுகிறது. பாலத்தைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறி உச்சிக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மேலேயிருந்து அதுவரைக்கும் நான் உன் அண்ணனை நினைக்கவே இல்லை. அவர் போனதிலிருந்து இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

ஓரமாக நிறுத்தி அழுதேன். துக்கம் என்று சொல்லிவிட முடியாது, எர்லண்ட். என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். உன்னிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் கப்பல் ஏறி வந்தேன்.

துறைமுகத்து மீன் வறுவல் கடையில் காத்திருப்பேன். கை வலிக்கிறது, ஆகையால் நாளைக்கு நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லிவைக்கிறேன். குளிக்கிறேன், உடை மாற்றுகிறேன் என்று நிற்காதே. பட்டறைச் சட்டையோடே வா.

ரோனா