மருந்தை முறிக்கும் கீரை

உறுவையாறு
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். போன்ல நான் கத்துற கத்து உன் காதுல வுழல, பக்கத்து வூட்டுக்காரங்கதான் பதில் சொல்றாங்க. அதான் கடுதாசி. தினம் பாகூருக்குக் கட்டட வேலைக்கு வர்ற இருசப்பன் கையில கீரை குடுத்திருக்கேன். நம்ம வரப்புல வளர்ந்த அகத்தி. கீரை நெறைய சாப்பிட்டா சர்க்கரை குறையும்னு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாங்க. கசக்குதுன்னு அண்ணிகிட்ட தள்ளிவுடாத. பொறந்த வூட்டுல எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருக்க.

உன் தங்கச்சி,
செல்வகுமாரி

பாகூர்
3.8.2025

அன்புத் தங்கச்சி குமாரிக்கு,

நீ அனுப்புற கீரைதான் தினமும். ஆடு கூட இவ்ளோ தின்னாதுன்னு உங்க அண்ணி தேவி கிண்டல் பண்றா. அகத்தி மருந்த முறிச்சிடும்னு அம்மா சொல்லுமே, ஞாபகம் இருக்கா? ரெண்டும் உள்ள போனா ரெண்டுமே வீண். அதனால சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டேன். எவனோ செஞ்ச மாத்திரைக்காக நீ பறிச்ச கீரைய வுட மனசு வரல. தேவிகிட்ட மூச்சு வுடாத, சண்டைக்கு வருவா. கால்ல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. வலி இல்ல, கவலப்படாத. நான் செஞ்சது சரிதானே? எழுது.

அண்ணன்,
சாமிநாதன்

உறுவையாறு
31.8.2025

அண்ணா,

உன் கடுதாசிய வாங்கிக்கிட்டு வந்த இருசப்பன் மஞ்சக்காமாலையில படுத்துட்டான். அது நேத்துதான் என் கைக்கு வந்துது, உன் காரியமெல்லாம் முடிஞ்ச பொறகு.

புண்ணு ரத்தத்துல ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னப்ப, மாத்திரை போட்டுகிட்டுதானே இருந்தாரு, சர்க்கரை எப்படி இவ்ளோ ஏறுச்சுன்னு அண்ணி அழுதாங்க. கூட சேந்து நானும் அதையே கேட்டு அழுதேன்.

மாத்திரையும் போடணும், கீரையும் சாப்பிடணும்னுதாண்ணா நர்ஸ் சொன்னாங்க. நீ மாத்திரைய வுடுவேன்னு நான் இன்னா கண்டேன்? முருங்கைக்கீரை அனுப்பியிருக்கலாம். சிறுகீரை அனுப்பியிருக்கலாம். கொல்லையில ரெண்டும் இருந்துது.

இன்னிக்குக் காலையில பாகூர் போயி அண்ணிக்கு உன் கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். ஏசுவாங்கன்னு பாத்தேன். "அவருக்கு உம்மேல அவ்ளோ பாசம்டி"ன்னாங்க. எழுந்து உள்ள போயி கதவ சாத்திக்கிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன், தொறக்கல. இனிமே அந்த வூட்டுக்கு நான் எப்படிப் போவேன்?

நீ கேட்டதுக்குப் பதில் எழுதாம இருக்க முடியல.

சரியில்லண்ணா. மாத்திரையப் போட்டுக்க.

உன் தங்கச்சி,
குமாரி