எழுதிக் கொடு என்றது நான்தான்

திருப்பூர், தை 9

அன்பு மகள் சந்தனத்துக்கு அம்மா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை காசிமாயனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நான் இன்னும் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குத்தான் போகிறேன், கண்ணாடி மாற்றியபின் துணியில் ஓட்டை நன்றாகத் தெரிகிறது. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன் தாயி. உன் தம்பி பாண்டித்துரை பள்ளிக்கூட வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. எட்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டரில் கட்டை அடுக்கும் விளையாட்டை வைத்துக் கணக்கும் அறிவியலும் நடத்தினானே, அதிலே வந்த வினை. அவரவர் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள், குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லியிருக்கிறான். யாழினி என்று ஒரு பெண், தொட்டியின் நீளம் அகலம் உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கிவிட்டு, சார் சார், தண்ணி எட்டு மடங்கு புடிக்குதுங்க என்று கத்தினாளாம். அதை அவன் வீட்டில் சொன்னபோது சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

காலாண்டுத் தேர்வில் அந்த வகுப்புக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. பெற்றோர் கூட்டத்தில் யாழினியின் அப்பா மகுடேஸ்வரன், பனியன் கம்பெனி வைத்திருப்பவர், ஏனுங்க சார், ஊட்டுல வெளையாடாதேன்னு நாங்க திட்டறோம், நீங்க பள்ளிக்கூடத்துலயே வெளையாட வெச்சா எப்புடிங்க என்று கேட்டாராம். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாளாளர் தம்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டார். அவன் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். நான்தான், எழுதிக் குடுத்துருப்பா, ஒரு காகிதந்தானே, வாத்தியார் மாப்பிள்ளைன்னுதானே உசிலம்பட்டியில பொண்ணு பேசிக்கிட்டு இருக்கோம் என்று விடிய விடிய நச்சரித்தேன். விளையாட்டைக் காட்டி மாணவர்களின் நேரத்தை வீணாக்கினேன், வருந்துகிறேன் என்று என் முன்னால் உட்கார்ந்து எழுதினான். அதை அவர்கள் மறுநாள் காலைப் பிரார்த்தனையில், அவனையும் நிற்க வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டிவிட்டார்கள். வகுப்புக்குப் போனதும் யாழினி எழுந்து, அப்ப அந்தத் தொட்டிக் கணக்கெல்லாம் பொய்யாங்க சார் என்று கேட்டிருக்கிறாள். இவன் புத்தகத்தை எடுங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அந்த வாரமே நின்றுவிட்டான். பெண் வீட்டாரும் பிறகு பேசவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டி அளந்து எழுதுகிறான்.

என் மனசு கேட்காமல் பொங்கல் கழிந்து யாழினி வீட்டுக்கே போனேன். மகுடேஸ்வரன், உள்ள வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார், தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, எங்களுக்கு மார்க் வேணுமுங்க என்றார். அந்தப் பெண்ணிடம், கண்ணு, அந்தக் கடிதம் நான் எழுதச் சொன்னது, அது உங்க சாரோட நெனப்பு இல்ல என்றேன். அவள், அது பொய்யின்னு எங்க கிளாஸ்ல எல்லாத்துக்கும் தெரியுங்க, சார்தானுங்க நம்பிட்டாரு என்றாள். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்க அழுதுகொண்டே வந்தேன். அன்று ராத்திரி தம்பியிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இப்ப கணக்கு நல்லாப் போடுறாளாம்மா என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை தாயி, அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டுத் தம்பியிடம் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டாய். பிள்ளைகள் நொய்யல் ஆற்றின் மேல் பாலம் கட்டுகிறார்கள் என்றான், பத்துக் கட்டைக்கு ஒரு கட்டை ஏற்றம் வைத்தால் கரையில் எவ்வளவு தூரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள் என்றான், அரை மணி நேரம் சொன்னான். அப்படி ஒரு பாலம் எங்கேயும் இல்லை. நான் அடுப்படியில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தனை வெளிச்சம். மூன்று மாதமாக உன்னிடம் நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவன் வாத்தியாராக இருக்கிறான், அதையும் நானே பிடுங்குவதா என்று இருந்தது.

வகுப்புக்கென்று நீ அனுப்பப்போவதாகச் சொன்ன இரண்டு கம்ப்யூட்டரையும் மறக்காமல் நிறுத்திவிடு, வந்தால் அவன் அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பான். வருகிற ஞாயிறு அவனிடம் என்ன பேசுவது என்று நீயே முடிவு செய், நான் ஒரு தடவை சொல்லிக் கெடுத்தது போதும். தெரியாதது போலக் கேட்டுக்கொண்டாலும் தப்பில்லை, அவன் பேசி முடிக்கும்வரை போனை மட்டும் வைத்துவிடாதே.

அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
மூக்கம்மாள்