முதல் தப்புக்குச் சாவு இல்லை

ஏற்காடு
11.11.1994

ஏனுங்க,

ஞாயிறன்று பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷத்தில் கதைக்குள் ஆடும் உங்கள் ஆட்டத்துக்கு வரும் புதியவர்களுக்காக நீங்கள் எழுதிய கதையை டைப் அடித்து மேசைமேல் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆளும் நகரம், இரும்புக் கை பொருத்திய திருடர்கள். எனக்கே பிடித்திருந்தது.

“புதியவர்களுக்கு விதிகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் தப்புக்கே யாரையும் சாகடிக்கக் கூடாது. வெளியேற ஒரு வழி வேண்டும்” என்று ஆட்டம் நடத்துவதைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

கல்யாணமாகி வந்த மறுநாள் உங்கள் அம்மா குடிப்பதற்கு முன்னால் நான் காப்பி குடித்துவிட்டேன். மூன்று நாள் வீட்டில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

“நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?” என்று உங்களைக் கேட்டேன்.

“போகப் போகத் தெரியும் கண்ணு” என்றீர்கள்.

ஆறு வருஷமாகியும் இந்த வீட்டு விதிகள் தெரியவில்லை. அடிவாரம் போகும் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன்.

ஞாயிறன்று வருகிறவர்களுக்கு நீங்களே காப்பி போடுங்கள். யார் முதலில் குடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் புதியவள்