நெஞ்சில் இருந்த நம்பர்

சூடு பார்க்க இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோகும் என் நைனாவுக்கு,

போன வாரம் ஊருக்கு வந்தேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ராயபுரத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. உன் தள்ளுவண்டி நின்ற இடத்தில் ஒருத்தர் செல்போன் உறை விற்கிறார். வண்டிப் பலகையைக் காதர் பாய் தன் தையல் கடைக்குள் போட்டுக்கொண்டு, அதன்மேல் துணி வெட்டுகிறார். உன் கரி இஸ்திரிப்பெட்டி மட்டும் நம் வீட்டில் இருக்கிறது. அம்மா அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். துறைமுகக் காற்றுக்கு நம் கதவு நிற்காது என்பதுதான் உனக்குத் தெரியுமே.

என்னைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறார்கள்: பனியே பார்க்காத ஊரிலிருந்து பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் போனவள். வெளிநாட்டிலும் இதைத்தான் கேட்பார்கள், உங்கள் நாட்டில் பனி உண்டா என்று. நாட்டில் உண்டு, எங்கள் பேட்டையில் கிடையாது, எங்கள் பக்கம் ஐஸ் என்றால் காசிமேட்டில் மீன்மேல் கொட்டுவது என்பேன். சிரிப்பார்கள்.

கல்லூரி என்.சி.சி.யில் இமாச்சலத்துக்கு மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முதன்முதலாக என் காலில் அந்த இரண்டு பலகைகளை மாட்டினார்கள். எனக்குப் பதினெட்டு வயது. என்னோடு ஓடிய மற்ற நாட்டுப் பெண்கள் மூன்று வயதிலேயே மாட்டியவர்கள். அந்தப் பதினைந்து வருஷத்தை நான் கடைசிவரை எட்டிப் பிடிக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

பலகைகளை முதல்முறை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, துடுப்பு ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று கேட்டார். அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் பலகையின் அடிப்பக்கத்தில் மெழுகு உருக்கித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதற்கென்றே சின்ன கரண்டுப் பெட்டி ஒன்று உண்டு. முப்பது வருஷம் துணி தேய்த்த கைக்கு என் வேலை பொறுக்கவில்லை, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாய். பழக்கதோஷத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பலகைமேல் தெளித்தாய். நான் கத்தின கத்தலில் பாய் கீழேயிருந்து எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

"பொட்டி ஓடிகினே இருக்கணும்மா. நிக்க வுட்டா பத்திக்கும்" என்றாய்.

பின்னால் ஆஸ்திரியாவில் ஒரு கோச் இதையே அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் போன் பண்ணுவேன். ஜெயித்தாயா என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. "வுயுந்தியா?" அவ்வளவுதான். உனக்கு 'ழ' வராது. எனக்கும் வராது, மைக் முன்னால் மட்டும் வரவழைத்துக்கொள்வேன். விழுந்த நாளில் விழுந்தேன் என்பேன். "சரி, சாப்டு" என்று வைத்துவிடுவாய்.

ஒரே ஒருமுறை பொய் சொன்னேன். அந்தப் பெரிய பந்தயம், முதல்முறையாக நாட்டின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு நான் இறங்கியது. நெஞ்சில் எண்பத்தேழாம் நம்பர் கட்டியிருந்தார்கள். தேர்ந்தவர்களுக்கு முன் நம்பர், என்னைப் போன்றவர்களுக்குப் பின் நம்பர், அதுதான் வழக்கம். நட்டிருக்கும் கம்பங்களை ஒன்றுவிடாமல் சுற்றி இறங்க வேண்டும். பன்னிரண்டாவதில் ஒரு பலகை கழன்றது, நான் ஓரத்தில் கட்டியிருந்த வலைவரை உருண்டுபோனேன். உடம்பில் அடியில்லை. போனில் நீ கேட்டதும், "இல்ல நைனா, முடிச்சிட்டேன்" என்றேன். ஏன் சொன்னேன்? அன்றைக்கு நீ வண்டியை மூடிவிட்டு, சட்டைக்கு நீயே கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வந்தால் தெருமுனையில் என் படம் போட்ட பேனர், 'உலகத்தில் 87வது இடம்' என்று. நீதான் அப்படிச் சொன்னாய் என்றார்கள். படத்தில் இருந்த நம்பரை இடம் என்று நினைத்துவிட்டாயே என்று எனக்குச் சிரிப்பு. திருத்தவில்லை. திருத்தினால் நான் முடிக்காததும் வெளியே வந்துவிடும். அணியில் இருந்தவர்களிடம் எத்தனை முறை இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் அப்பாவுக்கு நம்பருக்கும் இடத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று.

முந்தாநாள் பாய் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில் அந்த பேனரைச் சொல்லி நான்தான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. பந்தயத்தன்றே போனில் முடிவைப் பார்த்தாராம். என் பெயருக்கு நேராக, முடிக்கவில்லை என்று இங்கிலீஷில் இருந்ததாம். மறுநாள் நீ வண்டியில் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதை உனக்குப் படித்தும் காட்டினாராம். நீ பெட்டியை நிறுத்தாமலே சொன்னதை, பாய் உன் குரலிலேயே சொன்னார்:

"பொண்ணு எங்கிட்ட வுயலன்னு சொல்லிகீது பாய். அப்போ வுயல. எத்தினியாவதுன்னு ஜனங்க கேட்டா, நெஞ்சுல கீற நம்பர சொல்லிக்கலாம்."

டீ கிளாஸைப் பலகைமேல், உன் பலகைமேல், வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடற்கரை ரோடு வரைக்கும் நடந்தேன். அழுகை வந்தது, அழுதேன். நீ நாலு வருஷம் அதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாய். நான் சொல்லட்டும் என்றா கேட்டாய்? இல்லை, நான் என்ன சொன்னாலும் சரி என்றா?

முட்டி தேய்ந்துவிட்டது, இதோடு போதும் என்கிறார் டாக்டர். இன்னும் ஒரு குளிர்காலம் ஓடப் போகிறேன். முடித்தாலும் விழுந்தாலும் அன்றைக்கே, நீ கேட்பதற்கு முன்னாலேயே உன்னிடம் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன்.

வுயுந்தேன் நைனா. பன்னெண்டாவது கம்பத்தாண்ட.

சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் மூத்த பொண்ணு,
இஸ்திரிக்கடை தேவி