பதில் சொல்லாமல் இருந்த குருவி

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், வேறு எப்படித் தெரிந்துகொள்வது, நீதான் போனையே எடுப்பதில்லையே. அப்பா வேன் ஓட்டப் போகிறார் வருகிறார், சின்னவள் நம்மை விட்டுப் போய் இரண்டு வருஷமாகியும் அவள் பல்துலக்கும் பிரஷை எடுத்துப் போட விடமாட்டேன் என்கிறார், நானும் எடுக்கவில்லை.

விஷயத்தைச் சொல்கிறேன், பதறாதே, பிள்ளை பிழைத்துக்கொண்டாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மகள் குருவி, நம் சின்னவளோடு ஒரே வகுப்பில் படித்தவள், போன வருஷம் அவள் அம்மாவும் இறந்த பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நீ எழுதின கதைப் புத்தகத்தை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவள்தான், நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கதை ஆறிப்போகும். துணி உலர்த்தும் நீராவி அறையைச் சாத்துமுன் இரும்புக் கதவை உள்ளங்கையால் அடித்து உள்ளே யாரு என்று கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால்தான் தாழ்ப்பாளைப் போட்டு நீராவியைத் திறப்பார்கள், உனக்குத் தெரியாததா, நீயும் சின்னவளும் அங்கே ஓடிப்பிடித்து விளையாடி என்னிடம் அடி வாங்கினவர்கள்தானே. அதைத்தான் கதையில் வைத்திருக்கிறாய், கூப்பிடும்போது வாய் திறக்காமல் இருக்கிறவளுக்கு மட்டும் ஈரத் துணிகளுக்குப் பின்னால் இன்னொரு கதவு திறக்கும், இறந்துபோனவர்கள் அந்தப்பக்கம் இருப்பார்கள் என்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீராவி விடுகிற பாய்லர்காரர் வழக்கம்போலக் கதவை அடித்துக் கூப்பிட்டார், சத்தம் இல்லை, தாழிட்டு நீராவியைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தையல்காரர் வந்து பிள்ளை எங்கே என்றார். அவள் பை இருந்தது, பைமேல் உன் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது, அவள் இல்லை. எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று நான் பார்க்கவில்லை, முந்தின நாள் அந்தக் கதவு திறக்கிற இடத்தைத்தான் இரண்டு தடவை வாசித்தாள். ஓடினேன். நான் கூப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் சாத்தினேன் என்று பாய்லர்காரர் பின்னாலேயே வருகிறார், நீராவியை நிறுத்து நிறுத்து என்று கத்துகிறேன், தாழ்ப்பாள் கொதிக்கிறது, ஈரப் போர்வையைச் சுற்றி இழுத்துத் திறந்தால் உள்ளே ஒரே புகை மாதிரி, ஒன்றும் தெரியவில்லை. பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். குழாயும் சுவருமாகத் தடவித் தடவிக் கதவு தேடியிருக்கிறாள், இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துபோயிருந்தது. வெளியே தூக்கி வந்ததும் கண்ணைத் திறந்து, "பெரியம்மா, நான் பேசவே இல்லையே, அப்புறம் ஏன் திறக்கலை?" என்றாள்.

தையல்காரர் அந்தப் புத்தகத்தைக் கொளுத்து என்றார். பாய்லர்காரர், உன் மகளை இனிமேல் ஹோட்டல் சமையல்கட்டைப் பற்றி எழுதச் சொல்லு, பிள்ளைகள் போய் வயிறாவது நிறையட்டும் என்றார், யாரும் சிரிக்கவில்லை. நான் கொளுத்தவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஏன் மாயக் கதை எழுதுகிறீர்கள் என்று பத்திரிகையில் உன்னைக் கேட்டார்களாம், அந்த வயதில் சாகசம் பிடிக்கும் என்று சொன்னாயாம், குருவி வாசித்தாள். அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சின்னவளுக்கு நீ தினமும் சொன்ன கதை அது, அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், கதை முடியுமுன் அவள் போய்விட்டாள். அவள் வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து மிச்சத்தை அவளுக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். தப்பென்று சொல்லமாட்டேன். அதை வாசிக்கக் கேட்ட பிறகு நானே ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது அந்தப் பின்சுவரைத் தடவிப் பார்த்தேன் மகளே, வெறும் சுவர்தான்.

இனி எழுதப்போகிற கடைசிப் பாகத்தில், செத்துப்போன தங்கையைத் தேடிப் போகிற அக்காக்காரி அவளோடு அந்தப்பக்கமே தங்கிவிடுவாள் என்று போனில் நீ சொன்னாய், சொன்ன பிறகு போனை எடுப்பதே இல்லை, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது, இப்போது குருவியைப் பார்த்த பிறகு கேட்கவே வேண்டாம். கதையை எப்படி எழுதுவதென்று உனக்குச் சொல்லித்தர எனக்குப் படிப்பில்லை. ஆனால் அந்தப் பெண் தங்கையைப் பார்க்கட்டும், கட்டிக்கொள்ளட்டும், வேண்டிய மட்டும் அழட்டும், அழுதுவிட்டு வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குக் குரல் கொடுத்துத் திரும்பி வரட்டும். எனக்கு ஒரு மகள் போதும் அந்தப்பக்கம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை ஓயாமல் எழுத வேண்டும், நீண்ட ஆயுசோடு இரு. போன் அடித்தால் எடு. பேசக்கூட வேண்டாம், நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும், நானே வைத்துவிடுகிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா