இரக்கம் கலக்காத விலை

என் மாரிக்கு, அண்ணன் எழுதுவது.

வன்னியம்பட்டித் தோப்பில் இரண்டாவது வெட்டுக் காயை எண்ணி முடித்துவிட்டு, "தலை வலிக்குதுண்ணே" என்று மரத்தடியில் உட்கார்ந்தாய். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

இதை ராஜபாளையத்தில் காய் அடுக்கி வைக்கும் நம் கிட்டங்கிக்கு வந்துபோகிற வியாபாரிகளும் படிப்பார்கள், சென்னையில் உன்னோடு வேலை பார்த்தவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையே நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் தேங்காய் வியாபாரி. கோயில் வாசலில் சாக்கு விரித்து ஆரம்பித்தவன், இன்று லாரி லாரியாக அனுப்புகிறேன். என் தங்கச்சி மாரீஸ்வரி பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்தவள். படிக்க வைத்தது அண்ணன்தான் என்று ஊர் சொல்லும். உண்மை அதுவல்ல. நீ ஸ்காலர்ஷிப்பில் படித்தாய். நான் பஸ்ஸுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம். தோப்பில் காய் வாங்கும்போது நூறு எண்ணினால், அதற்கு மேல் ஐந்து காய் விலையில்லாமல் லாரியில் ஏறும். அதற்கு லாபக்காய் என்று பேர். அழுகல், உடைசலுக்கு ஈடாம். அழுகலே இல்லாத லோடிலும் ஏறும். அதை யார் ஆரம்பித்தது, எப்போது, யாருக்கும் தெரியாது. கொடுக்கிறவரும் கேட்பதில்லை, எடுக்கிற நாங்களும் யோசிப்பதில்லை.

நீதான் வந்து கேட்டாய். "அண்ணே, இந்த லாபக்காய் கூடாதுன்னு கவர்மெண்ட் நாளைக்கே ஒரு உத்தரவு போட்டா நீ என்ன செய்வே?"

"அஞ்சு காய்க்கு உண்டானத விலையில கொறைப்பேன். வேற என்ன?"

"அப்ப உத்தரவுனால விவசாயிக்கு ஒண்ணும் கெடைக்காது?"

"ஒண்ணும் கெடைக்காது. எழுதிக்கோ."

நீ எழுதிக்கொள்ளவில்லை. "நீ கொறைக்கப் பாப்பே. ஆனா முழுசா கொறைக்க விடுமா மார்க்கெட்டு? அதத்தான் பாக்கணும்" என்றாய். சென்னையில் அந்த உத்தரவைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, போட்டால் யார் கைக்கு என்ன போகும் என்று தெரியாமலே போட்டுவிடுவார்கள் என்றும் சொன்னாய். முதலில் ஒரு தோப்பில் செய்து பார்க்க நான் வேண்டும், என் வியாபாரம் வேண்டும்.

லாபக்காய் இல்லாமல் நான்கு வெட்டு வாங்கச் சொன்னாய். நான் இரண்டு என்றேன். ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு. நான்கு என்றால் அரை வருஷம் நான் நட்டப்படுவதா? கடைசியில் மூன்றுக்கு இறங்கினேன். காய் மலிந்த காலத்தில் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, காய் அருகிய காலத்தில் ஒன்று. "காய் மலிஞ்சா நீ ராசா, காய் கொறைஞ்சா தோப்புக்காரர் ராசா. ரெண்டு பேரு ராச்சியத்தையும் பாக்கணும்" என்றாய். கூடப் பிறந்தவளிடமே பேரம் பேசுகிறாய் என்று அம்மா என்னைத் திட்டினாள். உனக்கு அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

எந்தத் தோப்பில் லாபக்காய் இல்லாமல் வாங்குவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டாய். வியாபாரத்தைச் சீட்டுக் குலுக்கிச் செய்தால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்றேன். "நீயா தேர்ந்தெடுத்தா நல்ல தோப்பா பாத்து எடுத்துக்கிருவே. ஒன்னிய எனக்குத் தெரியாதா?" என்றாய். வன்னியம்பட்டிப் பெரியசாமி அண்ணன் தோப்புக்குச் சீட்டு விழுந்தது.

முதல் வெட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி இஸ்மாயில் பாய் காய்க்கு இருபத்துநான்கு ரூபாய் சொன்னார், வழக்கம்போல லாபக்காயோடு. நான் இருபத்துமூன்று, லாபக்காய் இல்லாமல். கூட்டிக் கழித்தால் என் விலைதான் தோப்புக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல். பெரியசாமி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாய் இருவத்திநாலு தாராரு. நீ இருவத்திமூணுங்குறே. பொறவு லாபக்காயும் வேண்டாங்குறே. ஏன் வேலு, எங் காயில என்ன கோளாறக் கண்டே?"

எம்புட்டு சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. லாபக்காய் அவர் கணக்கில் இழப்பாகவே இல்லை. அது காற்று அடித்து விழுந்த மாதிரி. விலை மட்டும்தான் விலை. நான் பாய் சொன்ன இருபத்துநான்குக்கே ஏற வேண்டியதாயிற்று. நீ வரப்பில் நின்று சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த காசு அதிகம். இத்தனை வருஷம் இதிலேயே கிடக்கிறேன், ஆட்கள் எதை விலை என்று எண்ணுகிறார்கள், எதை எண்ணுவதில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதோடு முடியவில்லை. லாரி கிளம்பும் நேரத்தில் நீ மறுபடி எண்ணினாய். காய் அதிகமாக இருந்தது. லாபக்காய் எடுக்காமல் போனால் அடுத்த காய்ப்பு தங்காது என்று பயந்து, பெரியசாமி அண்ணன் எங்களுக்குத் தெரியாமல் ஏற்றியிருக்கிறார். டாக்டர் பட்டம் வாங்கிய என் தங்கச்சி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு லாரியில் ஏறி, ஒவ்வொரு காயாகக் கீழே போட்டாள்.

"ஏத்தா, மனசாரக் கொடுத்தத எறிஞ்சு போடுறியே" என்று அவர் கெஞ்ச, "அண்ணாச்சி, நீங்க கொடுத்தா எங் கணக்கு கெட்டுரும். தயவு செஞ்சு எடுத்துக்கோங்க" என்று நீ கத்த, டிரைவர் என் காதில், "மொதலாளி, வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?" என்றான்.

மூன்றாவது வெட்டுக்கு முன்னால் நீ போய்விட்டாய்.

உன் காரியத்துக்கு நம் கிட்டங்கியிலிருந்து காய் எடுக்க எனக்குக் கை வரவில்லை. இஸ்மாயில் பாய் அவரே கொண்டுவந்து எண்ணிப் போட்டார். காய் எண்ணுகிறவர்கள் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் காயை லாபம் என்று சொல்லிப் போட்டுவிட்டு, அப்புறம் ரெண்டு, மூணு. பாய் முதல் காயைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மெதுவாக "ஒண்ணு" என்றார். நான் வெளியே போய்விட்டேன்.

உன் கூட வேலை பார்க்கிற நந்தினி போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். இரண்டு வெட்டுக் கணக்கை வைத்தே கட்டுரையை முடித்துவிடலாம், மூன்றாவது நடக்கவில்லை என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டால் போதும் என்றாள். "நீங்க இருக்குற நெலமையில ஒங்கள எப்படிண்ணா கேக்குறது?"

"கேளும்மா. மூணுன்னு பேசியிருக்கு" என்றேன்.

ஆனால் மாரி, இது எவ்வளவு கஷ்டமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நட்டத்தைச் சொல்லவில்லை. ஊரின் இரக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் பாய் வந்தார். ரொம்ப நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "வேலு, இந்த வெட்டுக்கு நான் வன்னியம்பட்டிப் பக்கமே வரல. பெரியசாமி தோப்ப நீயே எடுத்துக்கோ. பிள்ளைக்காக" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருஷம் ஒருத்தர் காயை ஒருத்தர் தட்டிப் பறித்தவர்கள் நாங்கள். "பாய், நீங்க வெலகிட்டா அங்க நான் வெச்சதுதான் வெல. அது அவ கேட்ட கேள்விக்குப் பதில் கெடையாது. நீங்க வழக்கம்போல வந்து எங் காலை வாருங்க. அதுதான் அவளுக்குச் செய்யறது."

"என்னலே சொல்லுத? துக்க வீட்டுக்காரன்கிட்டப் போட்டி போட்டேன்னு ஊரு காறித் துப்பும்."

"துப்புனா தொடைச்சுக்கிருவோம் பாய்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

அடுத்தது பெரியசாமி அண்ணன். இன்று காலை விலை பேசப் போனேன். நீ உட்கார்ந்த மரத்தடிக்கு அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. மோட்டார் ரூம் ஓரத்தில் நின்று பேசினோம். நீ லாரியிலிருந்து தூக்கிப் போட்ட காயெல்லாம் அங்கே குவிந்து கிடக்கிறது. விற்கவில்லை. சிலது முளை விட்டுவிட்டது.

"விக்கலாமா கூடாதான்னு தெரியல வேலு. அது எங் காயா, ஒங் காயா, பாப்பா காயா? ஒருத்தர்கிட்டயும் கேக்க முடியல."

நீ இருந்தால் உடனே சொல்லியிருப்பாய், சொல்லிவிட்டு இன்னொரு கேள்வியும் கேட்டிருப்பாய். அது யார் காய், மாரி?

வெளியே காய் இருபத்தேழுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பெரியசாமி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "இருவத்தஞ்சு குடு, போதும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாழ்க்கையில் விலை குறைத்துச் சொன்னவரிடம் நான் கோபப்பட்டது இதுதான் முதல் தடவை. "அண்ணாச்சி, எரக்கப்பட்டு வெல சொல்லாதீக. நீங்க எனக்கு ரெண்டு ரூவா விட்டுக்கொடுத்தா அவ வேலை அம்புட்டும் பாழு. லாரியில ஏறி அந்தக் காய எதுக்கு எறக்குனா? அதேதான் இது. என்னிய வியாபாரியாப் பாருங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருவத்தெட்டு" என்றார்.

"இருவத்தஞ்சு."

"போலே, பாயிட்ட விட்டுருவேன்."

அந்த நேரத்தில் வரப்பில் பைக் சத்தம் கேட்டது. பாய்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இருவத்தேழு. லாபக்காய் வழக்கம்போல" என்று சொல்லிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷர், மாரி. குரல் மட்டும் உடைந்திருந்தது.

மூன்று பேரும் பேரம் பேசினோம். ஒழுங்காக, முறையாக, ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொண்டு. காய் பொடி என்றேன், உன் லாரி ஓட்டை என்றார் பெரியசாமி அண்ணன். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் ஓடியது, ஒருவரும் ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்துத் தோப்பில் தேங்காய் வெட்ட வந்தவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விலைக்கு வந்து நின்றோம். நான் சொன்ன மாதிரி முழுசாகக் குறைக்கவும் முடியவில்லை, பாய் விலைக்கு ஏறவும் இல்லை. நடுவில் நிற்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? உத்தரவு வந்தால் நல்லதா, கெட்டதா? நந்தினி கணக்குப் போட்டுச் சொல்வாள். சரியாகவே சொல்வாள். ஆனால் "பாத்தியா, நான் அப்பவே சொல்லல?" என்று என் தோளில் அடித்துச் சொல்ல ஆள் இல்லையே.

தினமும் போன் வருகிறது. இன்றைக்குக் காய் என்ன விலை என்று கேட்கிறார்கள், சொல்கிறேன், வைத்துவிடுகிறார்கள். ஏன் அந்த விலை என்று கேட்டவள் நீ ஒருத்திதான். அதை நான் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது விலையைச் சொன்ன பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா சாப்பிடுகிறாள். பேசுவது குறைந்துவிட்டது. இன்று நான் வந்து நடந்ததைச் சொன்னதும், "அவகிட்ட நாலு வெட்டுக்கு ஒத்துக்கிட்டிருக்கலாமேய்யா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாளைக்கு வெட்டு. நானே எண்ணுகிறேன். லாரி கிளம்பும் முன்னால் மறுபடியும் எண்ணுவேன். கூடுதலாக ஒரு காய் இருந்தாலும் ஏறி இறக்கிப் போடுவேன். அது முடிந்ததும் நீ கேட்ட நான்காவது வெட்டையும் செய்து தருகிறேன். அதற்கு உன்னிடம் பேரம் இல்லை.

வன்னியம்பட்டித் தோப்பு, மூன்றாவது வெட்டு: காய் ஒன்று இருபத்தாறரை ரூபாய். வெட்டுக்கூலி அவருடையது, ஏற்றுக்கூலி என்னுடையது. லாபக்காய் கிடையாது. நூறு என்றால் நூறு.

உன் கூடப் பிறந்தவன்,
வேலு அண்ணன்