திங்கட்கிழமைக்குள் தைக்கச் சொன்ன சாம்பல் பட்டை

அனுப்புநர்:
தையற்காரம்மா,
உயர்நிலைப் பள்ளி வாசலுக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பெருக்கல் கணக்கை வைத்து இயற்கணிதம் கற்ற பிள்ளைகளைத் தனி அறைக்கு மாற்றுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மேலே படிக்க வைக்க வீட்டில் ஆள் இல்லையே தவிர, எனக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. வாய்ப்பாட்டில் என்னை அடிக்க வகுப்பில் யாரும் கிடையாது. இந்த மனுவை யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. என் மகன் வழிப் பேத்தி மேற்படி பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் இயற்கணிதம் என்றாலே அவளுக்குப் பயம். எண்ணுக்கு நடுவில் எழுத்து எங்கிருந்து வந்து குதித்தது என்று அழுவாள். போன வருடம் வந்த கணக்கு டீச்சர்தான் அந்தப் பயத்தைப் போக்கினார்.

2. பன்னிரண்டைப் பதின்மூன்றால் பெருக்கச் சொல்வாராம். பத்தும் இரண்டும், பத்தும் மூன்றும் என்று பிரித்து, நாலு கட்டம் போட்டால் நூறு, முப்பது, இருபது, ஆறு. கூட்டினால் நூற்றைம்பத்தாறு. இது நான் படித்த கணக்குத்தான். பிறகு அதே கட்டத்தில் பத்தை அழித்துவிட்டு எக்ஸ் என்று எழுதுவாராம். எக்ஸ் வர்க்கம், மூன்று எக்ஸ், இரண்டு எக்ஸ், ஆறு. "அவ்வளவுதாண்டி, இதுக்கா பயந்தே?" என்று சிரிப்பாராம். கடைசியில் எக்ஸ் இருக்கும் இடத்தில் மறுபடி பத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். நூற்றைம்பத்தாறு வராவிட்டால் எங்கோ தப்பு. பேத்தி இதை என் கடையில், வெட்ட வைத்திருந்த துணி மேலேயே சாக்பீஸால் போட்டுக் காட்டினாள். எனக்கே புரிந்தது, ஐயா.

3. உள்ளதை மறைக்கக் கூடாது. எக்ஸுடன் நாலைக் கூட்டினால் ஒன்பது, எக்ஸ் எவ்வளவு என்று பரீட்சையில் கேட்டதற்குப் பேத்தி யோசிக்காமல் பத்து என்று எழுதிவிட்டாள். அந்த வகுப்பில் இன்னும் பலர் அப்படியே எழுதினார்கள். டீச்சர் திட்டவில்லை. "அது ஆளு இல்லடி, நாற்காலி. அன்னைக்குப் பத்து உக்காந்திருந்தார். இன்னைக்கு யாரு உக்காந்திருக்கார்னு நீதான் கண்டுபிடிக்கணும்" என்றாராம். பிறகு அந்தத் தப்பு வரவில்லை. ஆனால் அதற்குள் அந்தத் தாள்களைத் தலைமை ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

4. அதற்குப் பிறகு டீச்சர் பள்ளிக்கு வரவில்லை. நீண்ட விடுப்பு என்றார்கள். அவர் தைக்கக் கொடுத்த உடை என் கடையில் மடித்தபடி கிடக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெளியே பூட்டு. கொடியில் காயப்போட்ட போர்வை வெயிலில் வெளுத்துப்போய் அப்படியே தொங்குகிறது. பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டேன். "எனக்கெதுக்கும்மா ஊர் வம்பு" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

5. புதிதாக வந்த கணக்கு சார், கட்டம் போட்டிருந்தால் விடை சரியாக இருந்தாலும் சைபர் போடுகிறார். அந்தப் பிள்ளைகளுக்குப் "பத்துக்காரங்க" என்று பெயரும் வைத்துவிட்டார். ஒவ்வொருவராகத் தனிப்பிரிவுக்கு அனுப்புகிறார்கள். தனிப்பிரிவு என்பது திடலுக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் அறை. ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அங்கே பாடம் நடக்கிற சத்தம் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

6. செருப்புத் தைப்பவரின் மகள் என் கடையைத் தாண்டும்போதெல்லாம், "பாட்டி, உங்க மிஷினைவிட உங்க வாய் வேகமா ஓடுது" என்று கிண்டல் பண்ணாமல் போக மாட்டாள். தனிப்பிரிவுக்குப் போனதிலிருந்து பேசுவதில்லை. நானாகக் கூப்பிட்டேன். பள்ளிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்துவிட்டாள்.

7. என் பேத்தி சூத்திரங்களை மனப்பாடம் செய்து இதுவரை தப்பித்துவந்தாள். வீட்டுப்பாடம் செய்யும்போது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரலால் மேசை மேல் கட்டம் போட்டுப் பார்க்கிறாள். பிறகு அந்த இடத்தை உள்ளங்கையால் துடைக்கிறாள். எதுவுமே எழுதாத மேசையைத் துடைக்கிறாள், ஐயா. மகனும் மருமகளும் "நமக்கு வேண்டாம்மா, விட்டுடுங்க" என்றார்கள். என்னால் முடியவில்லை. தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பேத்தி எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்று அன்பாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் கேட்டதற்கெல்லாம் "பார்க்கலாம்மா" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

8. மறுநாளே சில பிள்ளைகளை மட்டும் இரண்டாவது சீருடையைக் கொண்டுவரச் சொன்னார்களாம். பேத்தியும் எடுத்துப் போனாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. நேற்று மாலை பள்ளி எழுத்தர் என் கடையில் ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போனார். எல்லாச் சட்டையின் கையிலும் திங்கட்கிழமைக்குள் சாம்பல் நிறப் பட்டை வைத்துத் தைக்க வேண்டுமாம். தனிப்பிரிவுக்கு அடையாளமாம். மூட்டையைப் பிரித்தேன். மேலாக இருந்த சட்டையின் அக்குளில் கிழிசலுக்கு உள்ளே துணி வைத்துத் தைத்திருந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? என் பேத்தியின் சட்டை. தெருக்கோடியில் இன்னொரு தையற்கடை இருக்கும்போது, அந்த மூட்டையை என்னிடமே கொடுத்தது ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து அந்த அறையைத் திறந்து பார்த்து, பிள்ளைகளை அவரவர் வகுப்பில் உட்கார வைக்குமாறும், கணக்கு டீச்சர் எங்கே என்று தாங்களே விசாரிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சட்டைக்கும் நான் பட்டை வைக்கவில்லை. மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை என் கடை வாசலுக்கு யாரோ ஒருவர் வரத்தான் போகிறார். அது தாங்களாக இருக்க வேண்டும்.

இடம்: பள்ளி எதிர்க்கடை
நாள்: சனிக்கிழமை

தங்கள் வரவை வாசலில் உட்கார்ந்து எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
தையற்காரம்மா,
எட்டாம் வகுப்பு மாணவியின் பாட்டி